ஜெனீவாவில் ஓர் ஆற்காட்டார்

மூங்கில்துறைப்பட்டு முன்னாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டமும் 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமும் உருவாயின. ஊரின் முகவரியிலிருந்து ஆற்காடு என்னும் சொல் அகன்றது. அச்சொல்லைத் தம் பெயரின் முன்னே தாங்கி, இலண்டனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் ஜெனீவாவிலும் ஒலிக்கச் செய்தவர் ஆற்காடு இராமசாமி முதலியார். அவர் பிறந்தது இம்மண்ணில் அன்று. எனினும் அவரது வாழ்வின் ஒரு பகுதியைத் தென்பெண்ணைக் கரையில் வாழ்வோரும், மேற்குத் திசையில் கல்வராயன் மலையைக் கண்டபடியே பொழுதைத் தொடங்குவோரும் அறிந்துகொள்ளத் தக்க காரணம் உண்டு. மனிதரை அவர்தம் விருப்பத்துக்கு மாறாக உழைக்க வைக்கும் முறைகள் உலகில் எங்கெங்கு நிலவுகின்றன என ஆராய ஐக்கிய நாடுகள் அவையும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 1951இல் ஒரு குழுவை அமைத்தன. அக்குழுவின் தலைவர் அவரே.

நீதிக்கட்சியின் தலைவருள் ஒருவராகவும், ஆற்காடு இரட்டையருள் மூத்தவராகவும் தமிழர் அவரை அறிவர். அதற்கு மேல் அறிந்தோர் மிகச் சிலரே. சிறை செல்லாதவர், ஆங்கில அரசின் பட்டம் பெற்றவர், வைசிராயின் நிருவாகக் குழுவில் அமர்ந்தவர் என்னும் மூன்று காரணங்களால் விடுதலை வரலாறு அவரை ஓரத்தில் நிறுத்திவிட்டது. திராவிட இயக்க வரலாறோ 1944க்குப் பின் வேறு திசையில் நடந்தது. ஐரோப்பாவில் அவர் ஆற்றிய பணி அதன் கண்ணில் படவில்லை. இரு வரலாறுகளுக்கும் இடையே விழுந்துவிட்ட மனிதர் அவர் எனலாம்.

1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கர்நூலில் இராமசாமியும் இலட்சுமணசாமியும் இரட்டையராகப் பிறந்தனர். தம்பி மருத்துவம் கற்றுப் பேராசிரியராகி, 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர். அண்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். நீதிக்கட்சி தோன்றிய தொடக்க ஆண்டுகளிலேயே அதில் சேர்ந்தார்.

அவருடைய முதல் ஐரோப்பியப் பயணம் 1919இல் நிகழ்ந்தது. இந்தியச் சீர்திருத்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின்முன், பார்ப்பனரல்லாதார்க்குச் சட்டமன்றத்தில் தனி இடம் வேண்டும் என எடுத்துரைக்க நீதிக்கட்சி ஒரு தூதுக்குழுவை இலண்டனுக்கு அனுப்பியது. அதன் தலைவர் டாக்டர் டி. எம். நாயர் அவ்வாண்டு ஜூலையில் இலண்டனிலேயே உயிர்நீத்தார். எஞ்சியோர் அவர் விட்ட பணியைத் தொடர்ந்தனர். 1920இல் வெளிவந்த மெஸ்டன் தீர்ப்பு 28 இடங்களை ஒதுக்கியது. இங்கு ஒன்று நினைக்கத்தக்கது. அதே 1919ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் வெர்சேல்ஸ் உடன்படிக்கையோடு போலந்து நாட்டுச் சிறுபான்மையினர்க்கான உடன்படிக்கையும் ஒப்பமாயிற்று. போருக்குப் பிந்திய ஐரோப்பா, தன் புதிய நாடுகளில் யார் யாருக்கு என்னென்ன காப்பு என்று கணக்கிட்டுக்கொண்டிருந்த வேளை அது. சென்னையிலிருந்து போனவர்களின் கோரிக்கையும் ஒரு வகுப்பின் காப்பைப் பற்றியதே. வகுப்புரிமையில் தொடங்கிய இம்மனிதர் கால் நூற்றாண்டு கழித்துத் தனிமனிதன் ஒவ்வொருவனுக்கும் உரிய உரிமை என்னும் கருத்துக்கு வந்து சேர்ந்தார். இது முரண் அன்று. ஒருவன் பிறப்பால் தாழ்த்தப்படுவதைக் கண்டவனே மாண்பு என்னும் சொல்லின் பொருளை உணர்வான்.

இடைப்பட்ட ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1920 முதல் 1926 வரை சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர்; 1927 முதல் சில ஆண்டுகள் கட்சியின் ஆங்கில நாளேடான ஜஸ்டிஸின் ஆசிரியர்; 1928 முதல் 1930 வரை சென்னை மாநகராட்சியின் தலைமைப் பொறுப்பு; வட்டமேசை மாநாடுகளில் கட்சியின் பேராளர். 1937இல் இந்தியா அமைச்சரின் ஆலோசனைக் குழுவில் அமர்ந்து, ஐரோப்பா போரை நோக்கிச் சரிந்த இரண்டு ஆண்டுகளை இலண்டனிலிருந்து நோக்கினார். 1939இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் வணிகத்துறை உறுப்பினரானார். இன்றைய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்துக்கு முன்னோடியான வாரியம் 1940இல் அவர் முயற்சியால் அமைந்தது.

1942இல் இங்கிலாந்தின் போர் அமைச்சரவையில் இந்தியப் பேராளராக அமர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் காந்தியடிகளும் நேருவும் பல்லாயிரம் தொண்டர்களும் சிறையில் இருந்தனர். நாடு முழுதும் துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருந்த மாதங்களில் சர்ச்சிலின் மேசையருகே அமர்ந்திருந்த ஒருவரை மனித உரிமைக்கு உழைத்தவர் என்று சொல்வது எளிதன்று. இக்குறையை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவோர் அவருக்கு நன்மை செய்தவர் ஆகார். நாசிசத்தை முறியடிப்பதே முதற்கடமை என அவர் கருதியிருக்கலாம். கருதினும், தம் நாட்டவர் சிறையில் இருக்கையில் அவர்தம் பெயரால் பேசும் தகுதியை எங்கிருந்து பெற்றார் என்னும் வினா நிற்கவே செய்கிறது.

அவ்வினா 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் வெளிப்படையாகவே எழுந்தது. ஐக்கிய நாடுகள் பட்டயத்தை உருவாக்க ஏப்ரல் 25ஆம் நாள் மாநாடு கூடியது. இந்தியக் குழுவின் தலைவர் இராமசாமி முதலியார். உடன் சென்றோர் பிரோஸ்கான் நூனும் வி. டி. கிருஷ்ணமாச்சாரியும். மூவரையும் தேர்ந்தவர்கள் இந்திய மக்கள் அல்லர். அக்காலத்தில் அமெரிக்காவில் இருந்த விஜயலட்சுமி பண்டிட், இக்குழு இந்தியாவின் குரல் அன்று என்று மாநாட்டுக்கு வெளியே நின்று முழங்கினார். அவர் கூற்று உண்மையே. ஆனால் மண்டபத்துக்குள் முதலியார் செய்த பணியும் உண்மையே. ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை.

அங்கே அவர் பொருளாதார, சமூகக் கூட்டுறவு பற்றிய குழுவின் தலைவரானார். பெரிய வல்லரசுகளின் கவனமெல்லாம் பாதுகாப்பு அவையிலும் தடுப்பு வாக்கிலும் இருந்தது. வேலைவாய்ப்பு, நலவாழ்வு, கல்வி, மனித உரிமை ஆகியன இக்குழுவின் பங்காக வந்தன. பட்டயத்தின் 55, 56ஆம் விதிகள் இங்கு உருவானவை. இனம், பால், மொழி, சமயம் என்னும் வேறுபாடின்றி எல்லார்க்கும் மனித உரிமைகளும் அடிப்படைச் சுதந்திரங்களும் மதிக்கப்படுவதை ஐக்கிய நாடுகள் வளர்க்க வேண்டும் என்பது 55ஆம் விதியின் ஒரு கூறு. அதற்காக நாடுகள் கூட்டாகவும் தனித்தும் செயற்படுவதாக உறுதி தருகின்றன என்பது 56ஆம் விதி. இந்த உறுதிமொழி எளிதில் கிட்டவில்லை. ஒவ்வொரு நாடும் தனித்துப் பொறுப்பேற்க வேண்டும் என ஆஸ்திரேலியா வற்புறுத்தியது. தன் உள்நாட்டுச் செயல்களில் வெளியார் தலையிட வழி பிறக்குமோ என அமெரிக்கா அஞ்சியது. ஈற்றில் இரு தரப்பும் ஏற்ற ஒரு வாசகம் அமைந்தது. அதனோடு, இவ்விதிகள் எந்நாட்டின் உள்விவகாரத்திலும் தலையிட அதிகாரம் தரமாட்டா என்னும் ஒரு விளக்கமும் குழுவின் அறிக்கையில் ஏறியது. இவ்விளக்கத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். ஆறு ஆண்டுகளுக்குப் பின் முதலியாரே இதே சுவரில் மோத நேர்ந்தது.

ஜூன் 26ஆம் நாள் இந்தியாவின் சார்பில் முதலியாரும் கிருஷ்ணமாச்சாரியும் பட்டயத்தில் ஒப்பமிட்டனர். விடுதலை பெறாத ஒரு நாடு, உலக நாடுகளின் உரிமைப் பட்டயத்தில் கையெழுத்திட்ட விந்தை அது.

1946 ஜனவரி 23ஆம் நாள் இலண்டனில் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம் முதன்முறையாகக் கூடியபோது அதன் முதல் தலைவராக முதலியார் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைய ஐரோப்பாவின் நிலையை நினைத்தாலன்றி அப்பதவியின் சுமை விளங்காது. வார்சா இடிபாடாகக் கிடந்தது. தாயகம் திரும்ப முடியாதவரும் திரும்ப அஞ்சியவருமாகப் பல இலட்சம் மக்கள் முகாம்களில் தங்கியிருந்தனர். அவர்களைக் கட்டாயமாகத் திருப்பியனுப்ப வேண்டும் என்று சோவியத் தரப்பும், விரும்பாதவரை அனுப்பலாகாது என்று மேலைத் தரப்பும் வாதிட்டன. ஏதிலியர் சிக்கலை ஆராய மன்றம் ஒரு தனிக்குழுவை அமைத்தது. அம்முயற்சியின் பயனாகப் பன்னாட்டு ஏதிலியர் அமைப்பின் சட்டதிட்டத்தை அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்றது. போரால் சிதைந்த பகுதிகளின் மறுசீரமைப்புக்கென ஒரு துணைக்குழு எழுந்தது. அதிலிருந்து 1947 மார்ச்சில் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் பிறந்தது. மன்றம் கூட்டிய நலவாழ்வு மாநாட்டில் உலக நலவாழ்வு நிறுவனம் உருவாயிற்று. அந்நிறுவனத்தின் பேரவைக்குத் தம்பி இலட்சுமணசாமி 1961இல் தலைமை தாங்கியதைக் குடும்பப் பெருமை என்று மட்டும் கொள்ள வேண்டுவதில்லை.

இவற்றினும் மேலாக, 1946 பிப்ரவரி 16ஆம் நாள் மனித உரிமை ஆணையத்தின் கருக்குழுவை மன்றம் அமைத்தது. எலினார் ரூசவெல்ட் அம்மையார் தலைமையேற்ற அந்த ஆணையத்தின் உழைப்பே 1948 டிசம்பர் 10ஆம் நாள் உலக மனித உரிமைப் பேரறிக்கையாகக் கனிந்தது. அப்பேரறிக்கையோடு இணைத்து அம்சா மேத்தா அம்மையாரை இன்று நாம் நினைப்பது முறையே. அந்த ஆணையத்தைப் பெற்றெடுத்த மன்றத்தின் இருக்கையில் ஒரு தமிழர் அமர்ந்திருந்தார் என்பதையும் உடன் நினைக்கலாம்.

உலக அரங்கில் உரிமைக்கு வாசகம் தேடியவர், உள்நாட்டில் அதே உரிமையைக் கேட்டவர்களை எவ்வாறு எதிர்கொண்டார்? 1946 ஆகஸ்டில் அவர் மைசூர் சமஸ்தானத்தின் திவானானார். நாடு விடுதலை பெற்ற பின்னரும் மைசூரில் மக்களாட்சி வரவில்லை. 1947 செப்டம்பரில் மைசூர்க் காங்கிரசார் மாபெரும் கிளர்ச்சி தொடங்கினர். தலைவர்கள் கைதாயினர், துப்பாக்கிச் சூட்டில் ஒரு மாணவர் உயிரிழந்தார். அம்மாணவரின் பெயரும் இராமசாமிதான். மைசூர் நகரில் ஒரு நாற்சந்தி அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. அக்டோபரில் அரசு இணங்கிவந்து கே. சி. ரெட்டியின் அமைச்சரவை பதவியேற்றது. திவானின் வாழ்வில் இது கறையே. கிளர்ச்சி நாற்பது நாளில் முடிந்தது என்பதும், முடிவில் அதிகாரம் மக்கள் கைக்கு மாறியது என்பதும் அக்கறையைச் சற்று வெளுக்கச் செய்யுமேயன்றி நீக்கா.

1948 செப்டம்பரில் பாரிசில் கூடிய பாதுகாப்பு அவையில், ஐதராபாத் முறையீட்டின்போது இந்தியத் தரப்பை எடுத்துரைத்தவரும் அவரே. நேருவின் அரசு அவரைப் பயன்படுத்திக்கொண்டது கருதத்தக்கது. பழைய அரசின் ஊழியர் என்று அவரை ஒதுக்கியிருப்பின் அடுத்துக் கூறப்போகும் பணிக்கு அவர் பெயர் எழுந்தே இராது.

சோவியத் நாட்டின் உழைப்பு முகாம்களைப் பற்றிய செய்திகள் போருக்குப் பின் மேலை நாடுகளில் பரவலாயின. அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1947இல் இதனை ஐ.நா.வின்முன் வைத்தது. பிரிட்டன், ருசியக் குடியரசின் சீர்திருத்த உழைப்புச் சட்டத் தொகுப்பை மொழிபெயர்த்து வெளியிட்டது. மாஸ்கோ இதனைப் பழிதூற்றல் என்றது. முதலாளித்துவ நாடுகளில் பட்டினிக்கு அஞ்சி உழைப்போர் மட்டும் தன்விருப்பில் உழைப்பவரோ எனத் திருப்பிக் கேட்டது. நான்கு ஆண்டுகள் இவ்வாறு வாதத்திலேயே கழிந்தன. 1951 மார்ச்சில், சார்பற்ற உறுப்பினர் கொண்ட குழுவை அமைப்பதெனப் பொருளாதார, சமூக மன்றம் முடிவுசெய்தது. தாம் முதன்முதலாகத் தலைமை தாங்கிய மன்றத்தின் ஆணையை ஏற்று முதலியார் குழுத் தலைவரானார். நார்வேயின் முன்னாள் தலைமை நீதிபதி பால் பெர்க் ஓர் உறுப்பினர். மெக்சிகோவின் பாலவிசினி மற்றொருவர். அவர் இடையில் காலமாக, பெரு நாட்டின் முன்னாள் அயலுறவு அமைச்சர் கார்சியா சயான் அவ்விடத்துக்கு வந்தார்.

குழுவிடம் படையில்லை, எந்த முகாமின் கதவையும் தட்டித் திறக்கும் ஆணையும் இல்லை. சோவியத் அரசும் அதன் துணை நாடுகளும் ஒத்துழைக்க மறுத்தன. உள்விவகாரம் என்னும் சுவர் இங்கே எழுந்து நின்றது. அப்படியிருந்தும் ஒரு முடிவுக்கு வர முதலியாரின் குழு கண்ட வழி வழக்கறிஞரின் வழி; தமிழ் கற்றோர்க்கோ அது உரையாசிரியரின் வழியாகத் தோன்றும். குற்றம் சாட்டப்பட்ட நாட்டின் சட்டத்தையே, அந்நாட்டின் அரசிதழையே, அதன் அறிஞர் எழுதிய பாடநூலையே மூலபாடமாக எடுத்துக்கொண்டனர். முகாமிலிருந்து தப்பியோரின் சாட்சியம் அம்மூலத்தோடு பொருந்துகிறதா எனப் பார்த்தனர். அரசுகளுக்கு வினாநிரல் அனுப்பினர். விடை தந்தவற்றின் விடையைப் பதிந்தனர். தராதவற்றின் மௌனத்தையும் பதிந்தனர். நூலாசிரியன் வாய்திறவாவிடினும் நூற்பா பொருள் தராமற் போகாது அன்றோ.

ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் கூடிய குழு 1953 மே மாதம் தன் அறிக்கையை அளித்தது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளையும் ஆட்சிப் பகுதிகளையும் பற்றிய குற்றச்சாட்டுகள் அதில் ஆராயப்பட்டுள்ளன. சோவியத் நாட்டிலும் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும், அரசுக்கு மாறான கருத்துடையாரை ஒடுக்கவும் பொருளாதாரத் திட்டங்களை நிறைவேற்றவும் கட்டாய உழைப்பு பயன்பட்டது எனக் குழு கண்டது. அவ்வளவோடு நின்றிருப்பின் அது பனிப்போரின் ஒரு தரப்புக்கு ஆயுதமாகி ஒழிந்திருக்கும். நிற்கவில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டங்கள் கறுப்பின மக்களை உடலுழைப்புக்கே ஒதுக்கி, மலிவான உழைப்பாளர் கூட்டமாக நிலைநிறுத்துகின்றன என்றும் அறிக்கை கூறியது. ஸ்பெயினும் போர்ச்சுகலின் ஆட்சிப் பகுதிகளும் ஆராய்ச்சிக்கு உட்பட்டன. வேலியின் இரு பக்கமும் விளக்கைத் திருப்பியது இந்த அறிக்கையின் சிறப்பு.

அறிக்கை வெளியான காலமும் நோக்கத்தக்கது. அவ்வாண்டு மார்ச் 5ஆம் நாள் ஸ்டாலின் இறந்தார். அம்மாத இறுதியிலேயே பெரும் எண்ணிக்கையில் கைதிகளை விடுவிக்க ஆணை பிறந்தது. முகாம்கள் சுருங்கியது குழுவின் அறிக்கையால் என்று கூறுவது மிகை. ஆனால், நடப்பிலுள்ள பன்னாட்டு உடன்படிக்கைகள் அரசியல் நோக்கில் சுமத்தப்படும் உழைப்பைத் தடுக்கப் போதாவென அக்குழு கூறியது பயன் தந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1957 ஜூன் 25ஆம் நாள் கட்டாய உழைப்பு ஒழிப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. 105ஆம் எண் உடைய அவ்வுடன்படிக்கை இன்றும் அடிப்படை உடன்படிக்கைகளுள் ஒன்றாக விளங்குகிறது.

குழுவுக்கு இடப்பட்ட பணியின் எல்லையை இனிச் சொல்ல வேண்டும். அரசியல் ஒடுக்குமுறையாகவோ தண்டனையாகவோ சுமத்தப்படுவதும், நாட்டின் பொருளாதாரத்தில் இன்றியமையாத கூறாகும் அளவுக்குப் பெருகியதுமான உழைப்பையே அது ஆராயப் பணிக்கப்பட்டது. சைபீரியா அவ்வரையறைக்குள் வரும். கல்வராயன் மலை வராது. அறிக்கை எழுதப்பட்ட அந்நாளில் கல்வராயன் மலையூர்கள் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தன. 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் அந்த ஆளுகை அகலவில்லை. மலையாளி இனத்தார் வரியும் கொடுத்து, கூலியின்றி ஊழியமும் செய்தனர். எந்த அரசியல் கருத்துக்காகவும் அவர்கள் தண்டிக்கப்படவில்லை. நாட்டின் பொருளாதாரத்துக்கு அவர்கள் உழைப்பு ஒரு பொருட்டாகவும் இல்லை. ஆதலின் ஜெனீவாவின் வினாநிரலில் அவர்களுக்கு இடமில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 23ஆம் விதி வெட்டி உழைப்பைத் தடைசெய்திருந்தது. ஆயினும் அவ்விதி மலையேற மிகுந்த காலம் பிடித்தது.

இதனை முதலியாரின் குறையாகக் கூறுவது பொருந்தாது. அவர் ஆணையின்படி ஆராய்ந்தார். எனினும் ஆணையின் சொற்களை வகுத்தோர் பெரிய அரசுகளின் பேராளர்களே என்பதும், கடனாலும் வழக்காற்றாலும் சிறு நிலக்கிழாரிடம் கட்டுண்டவனின் உழைப்பு அவர்கள் கண்ணில் படவில்லை என்பதும் வரலாறு. வகுப்புரிமைக்காகப் பேசி அரசியலுக்கு வந்த ஒருவர், இந்த இடைவெளியை அறிந்தே இருந்திருப்பார் என்று எண்ண இடமுண்டு.

ஜெனீவாப் பணிக்குப் பின் அவர் தொழில்துறையில் ஈடுபட்டார். 1955இல் தொடங்கிய இந்தியத் தொழிற்கடன் முதலீட்டுக் கழகத்தின் முதல் தலைவர் அவர். பத்மபூஷணும் பத்மவிபூஷணும் பெற்றார். தம்பி 1974இல் மறைந்தார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் பிறந்து, அடுத்த ஆண்டு நாடாளுமன்றச் சட்டமாயிற்று. 1976 ஜூனில் கல்வராயன் மலை ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது. ஜூலை 17ஆம் நாள் இராமசாமி முதலியார் தம் 88ஆம் வயதில் காலமானார். நெருக்கடி நிலை நிலவிய காலம் அது. நாட்டில் பேச்சுரிமை முடங்கியிருந்த மாதங்களில் மலைமக்களின் கட்டு அறுந்தது என்பதை எவ்வாறு மதிப்பிடுவது என்று வரலாற்றாசிரியர் இன்னும் வாதிடலாம்.

சட்டம் வந்ததோடு சிக்கல் தீரவில்லை. முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களை ஆலைப் பகுதிகளில் வாழ்வோர் அறிவர்; மூங்கில்துறைப்பட்டும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள ஊரே. வாங்கிய பணம் பருவம் முடிந்தும் தீராதபோது அது கடனா கட்டா என்பதே வினா. குறைந்த அளவுக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கப்படும் உழைப்பும் கட்டாய உழைப்பே என 1982இல் உச்சநீதிமன்றம் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் விரித்துரைத்தது. வறுமையின் வற்புறுத்தலும் வற்புறுத்தலே என அத்தீர்ப்பு ஏற்றது. பட்டினிக்கு அஞ்சி உழைப்பவன் தன்விருப்பில் உழைப்பவனோ என்று, முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு நோக்கில் மாஸ்கோ எழுப்பிய வினாவுக்கு இந்திய நீதிமன்றம் தன் வழியில் தந்த விடையாகவும் அதனைப் படிக்கலாம்.

முதலியாரின் குழு அடிகோலிய 105ஆம் உடன்படிக்கையை இந்தியா உடனே ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டு மே 18ஆம் நாளே ஏற்றது.